கழன்று விழ வேண்டிய கமரா

செய்தி வந்தபோது நான் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் மூன்று முறை அளந்து மூன்றையும் கொப்பியில் எழுதுவது என் வழக்கம். இரண்டாவது முறை, கையில் சுற்றிய பட்டி காற்று நிரம்பி இறுகியிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஸ்ரெலாவின் பெயர் தெரிந்தது. மற்றக் கையால் எடுத்தேன்.

"அண்ணை, தாசன் போயிட்டார்," என்றார்.

அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே அவர் நோர்வேயில் பனிச்சறுக்கும்போது விழுந்துவிட்டார், தலையில் அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரியும். அவர் மனைவி ஸ்ரெலாவும் மகளும் முதல் விமானத்தில் அங்கே போயிருந்தார்கள். அதனால் அது எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. நான் "ஓம்" என்றேன். பட்டி காற்றை விட்டுத் தளர்ந்தது. மூன்றாவது முறையும் அளந்தேன். மூன்று எண்களையும் எழுதினேன். அதன் பிறகுதான் கதிரையை விட்டு எழும்பினேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம், அன்றிலிருந்து இன்றுவரை நான் ஏறக்குறைய அப்படியே இருக்கிறேன் என்பதுதான். அழவில்லை. செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் செய்கிறேன். முப்பத்தோராம் நாள் திருப்பலியன்று கொடுக்கும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஸ்ரெலா கேட்டதும் அப்படிச் செய்யவேண்டிய ஒன்றாகவே எனக்குப் பட்டது. என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். ஆனால் இதை நான்தான் எழுத வேண்டும். காரணம் போகப் போகத் தெரியும்.

மரியதாசனை எல்லோரும் தாசன் என்றுதான் அறிவீர்கள். மன்னாரில் பிறந்தவர். போகும்போது வயது ஐம்பத்தெட்டு. வார நாட்களில், விபத்தில் மூளை அடிபட்டவர்கள் தங்கியிருக்கும் ஒரு இல்லத்தில் பராமரிப்பு வேலை. சனி, ஞாயிறுகளில் எங்கள் கலியாணங்களுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் வீடியோ. பெப்ரவரிப் பாடசாலை விடுமுறையில் பிராண்டேயிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள எங்கள் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, கப்பலில் நோர்வேக்குக் கொண்டுபோய்ப் பனிச்சறுக்குப் பழக்குவார். மலையே இல்லாத இந்த டெனிஷ் நாட்டில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் வகுப்பில் மற்றவர்களின் விடுமுறைக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. ஐந்து பயணங்களில் நானும் கூடப் போனேன். சறுக்குவதற்கு அல்ல. அடிவாரத்துக் குடிசையில் இருந்து, வரும் பிள்ளைகளை எண்ணுவதற்கு.

பிள்ளைகள் யாரும் தலைக்கவசத்தில் கமரா பூட்டக்கூடாது என்பது தாசன் போட்ட விதி. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் விழுந்தபோது அவருடைய தலைக்கவசத்தில் கமரா இருந்தது என்பதும் தெரியும். அடக்கம் முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்தபோது என் பின்னால் இருவர் கதைத்தார்கள்.

"எங்கட பிள்ளையளுக்குக் கூடாது எண்டவர், தான் மட்டும் ஏன் பூட்டினவர்?"

"வீடியோக்காரன் எண்டா அப்பிடித்தான். எடுக்காமல் இருக்க ஏலாது."

"தான் போட்ட சட்டம் தனக்கில்லை போல."

கோபத்தில் சொன்ன வார்த்தைகள் அல்ல அவை. துக்கத்தில் மனிதர்கள் காரணம் தேடுவார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை. அந்தப் பேச்சு பிறகு நாட்டின் மறுகோடியில் உள்ள டோஸ்ட்ருப் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததாக அறிந்தேன். தாசனின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சொல்லை எடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முழுவதும் எடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது.

தாசன் கமராவுக்காக எதையும் செய்வார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கலியாணத்தை நினைவூட்ட வேண்டும். பெரிய கமராவைத் தோளில் தூக்கித் திரிந்த காலம் அது. மண்டப வாசலில் மணமக்கள் உள்ளே வரத் தயாராக நிற்கிறார்கள். பாட்டு தொடங்கிவிட்டது. மணப்பெண்ணின் மாமா ஒருவர், மேடையில் பலூன் கட்டிக்கொண்டிருந்தவர், ஏணியிலிருந்து பின்பக்கமாக விழுந்தார். நாலைந்து பேர் ஓடிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். தாசன் கமராவை நிலத்தில் வைத்துவிட்டு, "தொடாதேங்கோ! ஒருத்தரும் தொடாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு போனார். விழுந்தவருடைய தலைமாட்டில் முழங்காலில் இருந்து, தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். அம்புலன்ஸ் வரும்வரை பிடித்தபடியே இருந்தார். அதற்குள் பாட்டு முடிந்து, மணமக்கள் நடந்து வந்து, கதிரையிலும் இருந்துவிட்டார்கள். ஒன்றும் படமாகவில்லை.

பெண்ணின் தகப்பன் வந்து, "தாசன், நீர் வீடியோக்காரனோ, டொக்டரோ?" என்று கேட்டார்.

"பொம்பிளை மாப்பிளை ரெண்டாம்தரம் நடந்து வரலாம் அண்ணை. உவர்ர தலை ரெண்டாம்தரம் வராது," என்றார் தாசன்.

அப்படியே மணமக்களை மறுபடியும் வாசலுக்கு அனுப்பி, மறுபடியும் பாட்டைப் போட்டு, நடந்து வரச் செய்தார்கள். அந்த வீடியோவில் மணப்பெண் சிரித்துக்கொண்டே வருவார். எல்லோரும் அதை வெட்கம் என்று நினைப்பார்கள். விழுந்த மாமாவுக்குக் கழுத்தில் ஒரு வெடிப்பு. அவர் இப்போதும் நடமாடுகிறார்.

தலையைப் பற்றி அவருக்கு இருந்த பயத்தை அவர் வேலை செய்த இல்லத்துக்கு ஒருமுறை போனபோது விளங்கிக்கொண்டேன். நான் ஓய்வுபெற்ற புதிது. எதற்காகவோ ஒரு சாவி கொடுக்கப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு டெனிஷ்காரர் இருந்தார். தாசன் அவர் பக்கத்தில் இருந்து, தன் பெயரைச் சொல்லி, தான் அங்கே வேலை செய்வதாகச் சொல்லி, கை கொடுத்தார். புதிதாக வந்தவர் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் தாசன் சொன்னார்: "இவர் இருபது வயசில ஸ்கீயில விழுந்தவர். ஹெல்மெட் இல்லை. நான் இங்க வேலைக்கு வந்த நாளில இருந்து ஒவ்வொரு நாளும் காலமை என்னை அறிமுகப்படுத்திறன். ஒவ்வொரு நாளும் அவர் சந்தோஷமாக் கை தாறார்."

அந்த இல்லத்திலிருந்துதான் தாசன் முதன்முதலில் பனிமலைக்குப் போனார். அங்கே இருப்பவர்களை உட்கார்ந்தபடி சறுக்கும் வண்டியில் வைத்துக்கொண்டு போகும் பயணம். பின்னால் பிடித்துக்கொண்டு வர ஒருவர் வேண்டும். நாற்பது வயதில் அவர் பழகினார். முதல் நாள் முழுக்க விழுந்தாராம். தலை அடிபட்டவர்கள் வண்டிகளில் இருந்தபடி அவர் விழுவதைப் பார்த்துக் கை தட்டினார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் எழும்பி நின்று விழுந்து காட்டுவார்.

பஸ் புறப்படும் காலைகளை உங்களில் தாய்மார் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகள் எல்லோரையும் தலைக்கவசம் போட்டு வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராகப் பார்ப்பார். முதல் வருடம் அந்த வரிசையில் ஒரு தலைக்கவசமும் தலையில் சரியாக இருக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளே தடித்த கம்பளித் தொப்பி. சிலருக்கு இரண்டு. நாங்கள்தான் அப்படிச் செய்வோம். டெனிஷ்காரர்கள் பிள்ளையைப் பனியில் தள்ளுவண்டியோடு வெளியே நித்திரையாக்குவார்கள். நாங்கள் தலையில் பனி பட்டால் தடிமன் வரும் என்று பயப்படுவோம்.

தாசன் ஒரு பையை எடுத்துக்கொண்டு தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பறித்துப் போட்டார்.

"தாசண்ணை, தலைக்குள்ள குளிர் ஏறும்," என்று ஒரு தாய் தடுத்தார்.

"குளிர் ஏறட்டும் தங்கச்சி. கல் ஏறாமல் இருந்தாச் சரி."

"காதுக்காவது பஞ்சு வைக்கட்டோ?"

"பஞ்சு வையுங்கோ, அரிசி வையுங்கோ, தொப்பி மட்டும் வையாதேங்கோ. ஹெல்மெட் தலையோட ஆடவேணும். தொப்பி போட்டா அது தொப்பியோட ஆடும்." பிறகு அந்தத் தாயின் மகளிடம் குனிந்து, "தலையை ஆட்டு பாப்பம். இல்லையெண்டு ஆட்டு. அம்மா தொப்பி போடச் சொல்லேக்க ஆட்டுவாய்தானே, அப்பிடி," என்றார்.

உச்சியில் கொண்டை போட்ட பெண்பிள்ளைகளின் கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்ன வைத்தார். பஸ் ஒரு மணித்தியாலம் பிந்தியது. எனக்கு நேரம் பிந்தினால் பதற்றம் வரும். அவரிடம் சொன்னேன். "கப்பல் போனா அடுத்த கப்பல் வரும் அண்ணை," என்றார்.

பிள்ளைகள் கமரா பூட்டக்கூடாது என்ற விதி இரண்டாம் வருடம் வந்தது. பெரிய பிள்ளைகள் சிலர் சின்னக் கமராக்களைத் தலைக்கவசத்தில் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தாசன் அவர்களைக் குடிசைக்குள் அழைத்து, ஒரு வெறும் தலைக்கவசத்தை மேசையில் உருட்டினார். அது வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அதன் மேல் கமராவைப் பூட்டி உருட்டினார். அது மேசை விளிம்பில் கொழுவித் திரும்பி நின்றது.

"உதுக்குள்ள உங்கட கழுத்து இருக்குது எண்டு நினையுங்கோ," என்றார். "ஹெல்மெட் ஏன் உருண்டையா இருக்குது? அடி வந்தா வழுக்கிப் போக. அதில ஒரு கொம்பு முளைச்சா அடி அந்தக் கொம்பில நிக்கும். இன்னொண்டும் சொல்லுறன். கமரா பூட்டினவன் தனக்காகச் சறுக்கிறேல்லை. பாக்கப்போறவைக்காகச் சறுக்கிறான்."

ஆனால் பெற்றோர் விடவில்லை. எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பல் முளைத்தாலும் வீடியோ எடுத்துக் கனடாவுக்கு அனுப்புகிறவர்கள் நாங்கள். கடைசியில் தாசன் தானே ஒரு கமராவோடு பிள்ளைகளுக்குப் பின்னால் வருவது என்று முடிவாயிற்று. அதற்கும் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கமராவைத் திருகாணி போட்டுப் பூட்டவில்லை. பிள்ளைகளின் சப்பாத்தில் இருக்குமே, இழுத்தால் சர்ரென்று பிரியும் நாடா, அதில் ஒரு சின்னத் துண்டினால் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு நாளும் சறுக்கத் தொடங்குமுன் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு விரலால் கமராவை இழுத்துக் கழற்றிக் காட்டுவார். "விழுந்தா முதல் இது போகவேணும்," என்பார். பிறகு மறுபடியும் ஒட்டிக்கொண்டு போவார்.

அது போகத்தான் செய்தது. இரண்டு பயணங்களில் அவர் விழாமலே மேடு பள்ளத்தில் கமரா கழன்று பனிக்குள் போய்விட்டது. கிடைக்கவில்லை. அதனால் பிள்ளைகளின் கடைசி நாள் ஓட்டப் போட்டி இரண்டு முறையும் படமாக வரவில்லை. பஸ் திரும்பி வந்து நின்றதும் முற்றுகைதான்.

"தாசன், பனி கரைய நோர்வேக்காரர் அந்தக் கமராவை எடுத்து எங்கட பிள்ளையளைப் பாத்துக்கொண்டிருக்கப்போகினம்," என்றார் ஒருவர்.

"என்ர மகள் முதல்தரம் விழாமல் வந்தவளாம். அதைத்தானே துலைச்சுப்போட்டியள்," என்றார் ஒரு தாய்.

"வந்தவள்தானே தங்கச்சி. நான் என்ர கண்ணால பாத்தனான். வேணுமெண்டா எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறன்."

எல்லோரும் சிரித்தார்கள். தாசனும் சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது கொஞ்சம் சுட்டது என்று எனக்குப் பட்டது. வீடியோ எடுப்பவர் அல்லவா. நான் நினைத்தது பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நினைப்பிலிருந்துதான் நான் செய்த காரியம் வந்தது.

என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இருபத்தாறு வருடம் காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஊரில் படித்த பௌதிகம் அங்கே உதவியது. மற்றவர்கள் இறுக்கிய போல்ட்டுகளை, எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பானரால் மறுபடி சோதித்து, சரியானவற்றில் மஞ்சள் கோடு போடுவது என் வேலை. கழன்று போகக்கூடிய ஒன்றையும் நான் வெளியே விட்டதில்லை. என் வாழ்க்கையில் நான் நிச்சயமாகச் செய்தேன் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த வருடப் பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் தாசன் தன் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எனக்கு முழங்கால் வருத்தம் என்பதால் நான் இம்முறை போகவில்லை.

"அண்ணை, நாடா தேஞ்சுபோச்சு. புதுசு ஒண்டு ஒட்டித் தாங்கோ. முந்தினமாதிரி."

முந்தினமாதிரி என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. தவறாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது.

முதலில் பழைய நாடாவைச் சோதித்தேன். மீன் நிறுக்கும் கொக்கித் தராசைக் கமராவில் கொழுவி இழுத்தேன். இரண்டு கிலோ இழுப்பில் கழன்றது. எனக்கு அது ஒரு குறைபாடாகத் தெரிந்தது. இரண்டு கமரா போயிருக்கிறது. மூன்றாவதும் போனால் மறுபடியும் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். கவசத்தின் மேற்பரப்பை ஸ்பிரிட்டால் துடைத்தேன். கமரா கொழுவும் அடிக்கட்டையை, இரண்டு குழாயில் வரும் பசையைக் கலந்து ஒட்டினேன். போதாதென்று காற்றுத் துவாரத்தின் வழியாக நைலோன் நூலைக் கோத்து அடிக்கட்டையையும் கமராவையும் சேர்த்துக் கட்டினேன். ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். தராசின் கடைசிக் கோடுவரை இழுத்தேன். அசையவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

கேட்டிருக்கலாம். தொலைபேசி மேசையில்தான் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் எடுக்க வந்தது புறப்படும் நாள் காலை. வாசலில் கார் ஓடிக்கொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"செய்தாச்சோ அண்ணை?"

"ஓம். இனித் துலையாது," என்றேன். இன்னும் ஒரு வசனம் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்கள் செய்தா எனக்கு யோசனை இல்லை," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சொல்ல வந்தது அப்படியே நின்றுவிட்டது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் தாசனின் மகள் நிலானி என் வீட்டுக்கு வந்தாள். நோர்வேயிலிருந்து திருப்பித் தந்த பொருட்களில் தலைக்கவசமும் கமராவும் இருந்தன. அவற்றை ஒரு கடைப் பையில் கொண்டுவந்திருந்தாள். அவள் எப்போதும் டெனிஷில்தான் கதைப்பாள். "அப்பாவின் கடைசி நாள் இதற்குள் இருக்கிறது. அம்மா பார்க்க விரும்புகிறா. பார்க்கக்கூடியதா என்று யாராவது முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் எதையும் ஒழுங்காகச் செய்வீர்கள் என்று அம்மா சொன்னா," என்றாள். பையை மேசையில் வைத்துவிட்டு, ஒரு கணம் நின்று, "மன்னிக்கவேணும் பெரியப்பா," என்று மட்டும் தமிழில் சொன்னாள்.

கவசத்தின் இடது பக்கத்தில் ஒரு வெடிப்பு. என் அடிக்கட்டையின் விளிம்பிலிருந்து வெடிப்பு தொடங்கும் இடம்வரை அளந்தேன். முப்பத்தெட்டு மில்லிமீற்றர். அது எதைக் காட்டுகிறது என்று எனக்குத் தெரியாது. கமரா இல்லாவிட்டாலும் இப்படித்தான் முடிந்திருக்கலாம், முடியாமலும் இருந்திருக்கலாம், எங்களால் சொல்ல முடியாது என்று அங்குள்ள வைத்தியர் ஸ்ரெலாவிடம் சொல்லியிருக்கிறார். வைத்தியரால் சொல்ல முடியாததை நானும் சொல்ல முடியாது. அடிக்கட்டை அசையாமல் இருந்தது.

சனிக்கிழமை முற்பகல் சமையலறை மேசையில் கணினியை வைத்து முழுவதையும் பார்த்தேன். நேரங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

ஒன்பது நாற்பத்திரண்டு. மேலே ஏற்றும் இழுவைக் கயிற்றுக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். தாசனின் விரல் படத்துக்கு முன்னால் பெரிதாக வருகிறது. இழுக்கிறார். படம் குலுங்குகிறது. மறுபடி இழுக்கிறார். மூன்றாம் முறை இரண்டு கையாலும்.

"வருகுதில்லை," என்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி டெனிஷில், "அப்ப நீங்கள் அதைப் போட ஏலாது. நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்கிறாள்.

"ஓமடி, சரியாச் சொன்னாய். இது பிழை. கத்தியும் இல்லை, கடையும் தூரம். இண்டைக்கு மட்டும். பின்னேரம் வெட்டி எடுப்பம்."

இதுவும் உண்மை. அவர் அந்தக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை வாடகைக்கு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. முதல் நாள் வீடியோவை எதிர்பார்த்திருந்த எங்களை நினைத்தாரோ, ஏற்கெனவே வரிசையில் நின்ற பிள்ளைகளை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. அவர் தன் விதியை மீறினார் என்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலைக்கு முன் கழராத கமராவோடு அவர் ஒருநாளும் சறுக்கியதில்லை. அன்று மீற வேண்டிய நிலையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

இரண்டு பதினேழு. பிள்ளைகள் போகும் சாதாரணச் சரிவு. வேகமும் இல்லை. பனி இறுகிக் கட்டியாகிய ஒரு இடம். படம் பக்கவாட்டில் சாய்கிறது. பிறகு பனி, மிகவும் கிட்ட. கமரா கழலவில்லை, அதனால் படமும் அறுபடவில்லை. பனியும் அதற்கு அப்பால் வந்து நிற்கும் சப்பாத்துகளும் நீண்ட நேரம் தெரிகின்றன. "தொடாதேங்கோ, ஒருத்தரும் தொடாதேங்கோ," என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்கிறது. அவர் பழக்கிய பிள்ளைதான். யாரோ கமராவை நிறுத்தும்வரை பார்த்தேன். தாளில் நேரத்தை எழுதினேன்.

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்தபின் ஸ்ரெலாவின் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வீட்டில் நான்கு வசனமாக எழுதிப் பாடமாக்கியிருந்தேன். நிலானியும் இருந்தாள்.

"காலமை எடுத்ததை நீங்கள் பாக்கலாம். மத்தியானத்துக்குப் பிறகு வேண்டாம்," என்றேன். "அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். அந்தக் கமராவை அப்பிடி ஒட்டினது நான். தாசன் கழரக்கூடியமாதிரித்தான் கேட்டவர். நான் அவருக்குச் சொல்லாமல் பசை போட்டு நூலும் கட்டினனான்."

நிலானி டெனிஷில் கேட்டாள்: "கழரத்தான் வேண்டும் என்று அப்பா வைத்ததை ஏன் கழராமல் செய்தீர்கள்?"

"கழருவது பிழை என்று நினைத்தேன்," என்றேன் நானும் டெனிஷில்.

"அவரிடம் ஏன் கேட்கவில்லை?"

அவள் எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றாள். அவளுக்கு இன்னும் என்னோடு கோபம் இருக்கிறது. அது நியாயம்.

ஸ்ரெலா மேசை விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும் அண்ணை," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"அண்டைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம் போன் எடுத்தவர். 'அண்ணை காத்தாலைக்குப் பூட்டினமாதிரிப் பூட்டிப்போட்டார், நான் விழுந்தா மலைதான் கழரும்' எண்டு சொல்லிச் சிரிச்சவர். பின்னேரம் வெட்டுறன் எண்டவர். 'அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதையும், மனுசன் அதையே யோசிச்சுக்கொண்டு இருப்பார்' எண்டவர். அதுதான் எனக்கு அவர் கடைசியாச் சொன்னது. அதான் நான் சொல்லேல்லை."

மண்டபத்தில் ஆட்கள் கதைத்ததெல்லாம் ஸ்ரெலாவின் காதிலும் விழுந்திருக்கிறது. கணவரின் பெயரை அவர்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது என் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். அவர் கடைசியாகச் சொன்னதைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஒரே மண்டபத்தில், ஒரே தேநீரோடு.

"நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன்.

"மலருக்கு எழுதித் தாறன் எண்டனீங்கள்தானே. உதை எழுதுங்கோ. நீங்கள் செய்ததையும் எழுதுங்கோ, அவர் செய்ததையும் எழுதுங்கோ. அடுத்த வருசம் ஆரும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகேக்க அவையளுக்குத் தெரிய வேணும்," என்றார். பிறகு, "ரீ போடட்டோ?" என்று கேட்டார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

எழுதிவிட்டேன். வழக்கமாக இப்படிப்பட்ட கட்டுரைகளில் மறைந்தவரிடமிருந்து பெற்றுக்கொண்ட நற்குணம் ஒன்றைச் சொல்லி முடிப்பார்கள். தாசனின் துணிவோ சிரிப்போ எனக்கு வந்துவிட்டதாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என்னிடம் இருப்பது ஸ்ரெலா சொன்ன அந்த ஒரு வசனம் மட்டும். தலையில் என் பிழையைச் சுமந்துகொண்டு, கையில் சாப்பாட்டோடு, அந்த மத்தியானம் அவர் என்னை நினைத்திருக்கிறார். நான் வீட்டில் இருந்து யோசிப்பேனே என்று நினைத்திருக்கிறார். அது எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று என்று நான் எண்ணவில்லை. ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது, தாசன். நீர் சொன்னமாதிரி அதையே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.